பத்தாவது படகு

கொப்பியடித்த குற்றத்துக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டபோது எனக்கு வயது நாற்பத்தாறு.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு மேட்டின் மீது அந்தக் கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம். இப்போதும் அங்கே சனிக்கிழமை வகுப்புகள் நடக்கின்றன. என்னைப் போன்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறுகிறார்கள். தாழ்வாரத்தில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். அன்றைக்குக் கோதுமைக் கப்பல் ஒன்று வந்திருந்தது. தண்ணீரில் அசைவே இல்லை. கீழே வாசலடியில் ஊருக்குள் திரிகிற மான் ஒன்று, யாரோ பணிஸ் தின்றுவிட்டு வீசிய பையை மென்றுகொண்டு நின்றது. இறங்கிப் போய் அந்தப் பையைப் பறித்தெறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் நிற்கச் சொன்ன இடத்தைவிட்டு அசையப் பயம். இந்த வயதில் அப்படி ஒரு பயம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பக்கத்தில் குகன் நின்றான். நிலாவெளிக்காரன், முப்பதைத் தாண்டியவன், அங்கே ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. வகுப்பில் எங்கள் இருவரின் கதிரைகளும் அருகருகே. அதுவே வினையாகிவிட்டது. கணிதத் தவணைப் பரீட்சையில் ஒரு கேள்விக்கு நாங்கள் இருவரும் ஒரே பிழையான விடையை எழுதியிருந்தோம். வகுப்பில் வேறு எவரும் அந்தப் பிழையை விடவில்லை.

சரியான விடை இரண்டு பேருக்கு ஒத்துப்போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பிழை ஒத்துப்போனால்தான் விசாரணை.

உள்ளே பர்ஹானா மிஸ் விடைத்தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது கேட்டது. எங்கள் பெயர்கள் வரவில்லை. குகன் மூக்கால் மூச்சு விட்டபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றேன்.

மேட்டில் ஏறிய கதை

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் சல்லிக்காரி, கடலோரக் கிராமம் அது. பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம், சண்டையில் இடம்பெயர்ந்து, நாங்கள் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு ஊர்ச் சனம் தங்கியிருந்தது. நாங்கள் வேறோர் ஊரின் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். வகுப்பறையில் படுத்து எழும்பினேனே தவிரப் படிக்கவில்லை. அங்கே கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு வகுத்தல் கணக்கு இருந்தது. அழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லையா, நினைவு வரவில்லையா, தெரியாது. பாயில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியாது. எனக்கும் கணிதத்துக்குமான உறவு அன்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு பரீட்சை எழுதி, மற்றப் பாடமெல்லாம் சித்தியடைந்து, கணிதத்தில் மட்டும் விழுந்தேன். பிறகு கலியாணம், ஒரு மகள். பிறகு என் கணவரின் விடயம், அதற்கு வருகிறேன். அதற்குப் பிறகு ஓர் அலுவலகத்தில் தற்காலிக உதவியாளர் வேலை. தேநீர் கொடுப்பேன், கோப்பு எடுத்து வருவேன், வராதவர்களின் மேசையைத் துடைப்பேன். வேலை செய்துகொண்டே கணிதத்தைத் திருப்பி எழுதி ஒருவாறு சாதாரண தரத்தைக் கரையேற்றினேன்.

அப்போதுதான் அங்கே எழுதுவினைஞர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்ற பேச்சு வந்தது. டிப்ளோமா ஒன்று கையில் இருந்தால் என் பெயரைப் பரிசீலிக்கலாம் என்று மேலதிகாரி சொன்னார். அவர் சும்மா சொல்லியிருக்கலாம். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மகள் மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் மாமியும்தான். தற்காலிகம் என்ற சொல்லோடு பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு நான் ஏன் அந்த மேட்டில் ஏறினேன் என்று விளங்கும்.

டிப்ளோமாவில் கணிதமும் புள்ளிவிபரவியலும் கட்டாயம். முதல் தடவை கோட்டை விட்டாயிற்று. இந்த முறை தவணைப் புள்ளி குறைந்தால் இறுதிப் பரீட்சைக்கு இருக்கவே விடமாட்டார்கள். கொப்பியடித்தார் என்று நிர்வாகத்துக்கு எழுதிப் போனால் எல்லாம் அதோடு சரி. அந்தத் தாழ்வாரத்தில் நின்ற எனக்கு இவ்வளவும் ஒன்றாகத் தலைக்குள் ஓடியது.

பையும் பந்தும்

நிகழ்தகவு என்று ஒரு பாடம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எனக்கு அதுதான் யமன்.

எந்தக் கணக்கைத் திறந்தாலும் ஒரு பை இருக்கும், அதற்குள் சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் இருக்கும், யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவார். ஏன் விடுகிறார் என்று ஒருவரும் சொல்வதில்லை. பந்து முடிந்தால் சீட்டுக்கட்டு. எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. ஒரு கட்டில் எத்தனை சீட்டு, அதில் எது சிவப்பு, எது கறுப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

பர்ஹானா மிஸ் தோப்பூர்க்காரி. என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சத்தம் போடமாட்டார். விளங்கவில்லை என்றால் அதே கணக்கை முதலிலிருந்து, முகம் சுளிக்காமல், மறுபடி செய்வார். முதல் நாள் வெண்பலகையில் ஒரு நீண்ட கோடு கீறினார். ஒரு முனையில் பூச்சியம் என்று எழுதினார், மறு முனையில் ஒன்று என்று எழுதினார். நடக்கவே நடக்காதது பூச்சியம், கட்டாயம் நடப்பது ஒன்று, உலகத்தில் மற்ற எல்லா விடயமும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் கிடக்கிறது என்றார். மற்றவர்கள் கொப்பியில் கோடு கீறினார்கள். நான் பேனையை மூடி வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். என் வீட்டில் நாங்கள் பல வருடமாக அந்தக் கோட்டின் நடுவில்தான் குடியிருந்தோம். அது எனக்கு வலித்தது.

சில கிழமைகள் கழித்து, சீட்டுக் கணக்கு ஒன்றில் நான் முற்றாகத் தடுக்கி விழுந்த நாளில், கையை உயர்த்திச் சொன்னேன்.

"மிஸ், எங்கட இடத்துக் கணக்கா ஏதும் தாங்கோ. இதுகள் எனக்குக் கண்ணில காட்டாத சாமான்."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. தவணைப் பரீட்சையில் அவர் போட்டிருந்த கேள்வி இது:

ஒரு கரையிலிருந்து பத்துப் படகுகள் மீன்பிடிக்கச் செல்கின்றன. ஆறு படகுகள் மீனோடு திரும்புகின்றன. மூன்று படகுகள் மீன் இன்றித் திரும்புகின்றன. ஒரு படகு திரும்பவில்லை. எழுமாறாக ஒரு படகைத் தெரிவுசெய்தால் அது மீனோடு திரும்பிய படகாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?

நான் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார். யார் மீதும் குறை சொல்ல வழியில்லை.

கரையில் எண்ணும் முறை

பகுதியெண்ணில் வர வேண்டியது மொத்தம். மொத்தம் பத்து. பத்தில் ஆறு, சுருக்கினால் ஐந்தில் மூன்று. வகுப்பில் மற்ற எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நானும் குகனும் மொத்தம் ஒன்பது என்று எழுதியிருந்தோம். ஒன்பதில் ஆறு, சுருக்கினால் மூன்றில் இரண்டு.

இதில் ஒருவரை ஒருவர் பார்த்து எழுத ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கத்தில் படகை எண்ணும் முறை அது.

விடியும் முன் படகுகள் இறங்கும்போது கரையில் நிற்கிற எவரும் எத்தனை போகிறது என்று எண்ணமாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். நான் ஐந்தாறு வயதில், ஒரு விடியலில், விரல் நீட்டிப் படகுகளை எண்ணத் தொடங்கியபோது அம்மா என் கையில் ஓர் அடி போட்டார். கடலில் நிற்பதை எண்ணக்கூடாது என்பதை அன்று படித்தேன். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. சூடு பட்ட கைக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. படகு வந்து மணலில் மூக்கை வைத்த பிறகு எண்ணலாம். வந்தது, இன்னொன்று வந்தது, இன்னொன்றும் வந்தது. அப்படித்தான் மொத்தம் கூடும். மணலுக்கு வராத படகு மொத்தத்தில் இல்லை.

பிந்துகிற படகைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் வரவில்லை என்று சொல்லமாட்டார்கள். வந்துகொண்டிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

என் கணவர் ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் தனியாகப் படகெடுத்துப் போனார். வலை வெளியில், கடலில் கிடந்தது. அன்றிரவு காற்று எழும்பினால் கிழிந்துவிடும், போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். குசினி வாசலில் நின்று, "வாறன்" என்றார். போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வாறன் என்றுதான் சொல்வார்கள். எஞ்சின் சத்தம் சிறிது நேரம் கேட்டது. நான் அடுப்பில் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தேன், சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

ஊர் தேடியது. பக்கத்து ஊர்க்காரரும் தேடினார்கள். படகின் ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை. எஞ்சின் பழுதாகி ஒழுக்கில் இழுபட்டுப் போய், மாதக்கணக்கில் கழித்து வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் கதைகள் எங்கள் கரையில் உண்டு. அந்தக் கதைகளைச் சொல்வதற்கென்றே ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். வருடங்கள் போகப் போக வருவது குறைந்தது.

மாமி மட்டும் மாறவில்லை. அவருக்கு என் கணவர்தான் ஒரே மகன். யார் கேட்டாலும், "ராசா வந்துகொண்டிருக்கிறான்" என்பார். அதனால் எங்கள் வீட்டில் கிரியை எதுவும் நடக்கவில்லை. நான் பொட்டும் தாலியும் கழற்றவில்லை. கோயிலில் சில பெண்கள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்புவது எனக்குத் தெரியும். அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இல்லை என்று சொல்ல வாய் வராது. அவர் இல்லாத வருடங்களில் அதுதான் என் நிலைமை.

பர்ஹானா மிஸ் கேட்டது

தாழ்வாரத்துக்கு வருகிறேன். மிஸ் கடைசித் தாளையும் கொடுத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார். கோபமாகப் பேசவில்லை. யார் யாருடையதைப் பார்த்தது என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொன்னால் தன்னோடு முடித்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் நிர்வாகத்துக்கு எழுத வேண்டிவரும் என்றும் சொன்னார். வகுப்பு முழுவதும் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குகன் பொங்கிவிட்டான்.

"கடல்ல நிக்கிற போட்டை ஆர் மிஸ் எண்ணுவாங்கள்? வந்தாத்தானே எண்ணுறது. எங்கட அப்பாட்டைக் கேட்டாலும் ஒன்பதெண்டுதான் சொல்லுவார்."

மிஸ் என்னைப் பார்த்தார். நானும் அப்படித்தான் எழுதினேனா என்று கேட்டார். ஓம் என்றேன்.

மிஸ் இரண்டு தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

"எங்கட வாப்பா நெல் அளக்கக்குள்ள ஒண்டு எண்டு சொல்லமாட்டார். முதல் மரைக்காலுக்கு லாபம் எண்டு சொல்லித்தான் தொடங்குவார். பிறகுதான் ரெண்டு, மூண்டு. சின்னதில நான் அந்த லாபத்தை எண்ணாம விட்டு, ஒரு மரைக்கால் குறைச்சுச் சொல்லி ஏச்சு வாங்கினனான்."

வகுப்பில் ஓரிருவர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. என் முதுகு கொஞ்சம் இலேசானது. நாங்கள் பார்த்து எழுதவில்லை என்பது தனக்கு விளங்குகிறது என்றார் மிஸ். ஆனாலும் அந்த விடைக்குப் புள்ளி தரமுடியாது என்றார். கேள்வி கரைக்கு வந்த படகுகளைக் கேட்கவில்லை, கடலுக்குப் போன படகுகளைக் கேட்கிறது. தெரிவு செய்கிறவர் பத்தில் எதையும் தெரிவு செய்யலாம். அது நியாயம்தான். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்காமல் போயிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

தாளை என்னிடம் நீட்டியபடி மிஸ் இலேசாகக் கேட்டார்.

"அந்த ஒரு படகையும் சேர்த்துக்கொண்டாச் சரி. அதில என்ன கஷ்டம், யோகக்கா?"

குகன் தலை குனிந்துகொண்டான். எங்கள் பக்கத்துக் கதைகள் நிலாவெளிவரை போகும், அவனுக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது. அவருக்கு மேட்டிலிருந்து தெரிகிற கடலும், மூதூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரிகிற கடலும்தான் தெரியும்.

"அது எங்கட வீட்டுப் படகு, மிஸ்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சொல்லை நான் வெளியில் விட்டதில்லை. மிஸ் கதிரையில் உட்கார்ந்தார். பின்னால் யாரோ ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சினாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று பலமுறை சொன்னார். அடுத்த சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் மட்டும் அந்தப் பகுதிப் பரீட்சையைத் திருப்பி வைப்பதாகச் சொன்னார். பந்துக் கணக்காகவே போடுவதாகவும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மாமியின் கணக்கு

அந்தக் கிழமை முழுவதும் வேலை முடிந்து வந்து பந்துகளோடு கிடந்தேன். பந்துக் கணக்கு எனக்கு இப்போது வந்தது. பந்துக்கு ஊரில்லை, தாயில்லை. எத்தனை என்றாலும் எழுதலாம்.

ஆனால் திருத்திக் கொடுத்த அந்தப் பழைய தாள் புத்தகத்துக்குள் இருந்தது. ஒரு பின்னேரம் அதை எடுத்து, பிழையைத் திருத்தி எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். கணக்கை வாய்விட்டு வாசிக்காவிட்டால் எனக்கு மண்டைக்குள் போகாது. மொத்தம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனை ஓடவில்லை. மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றேன்.

மாமி குசினி வாசலில் இருந்து சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். நான் வாசிப்பது காதில் விழும் என்பதை நான் நினைக்கவேயில்லை.

படகு என்று கேட்டதே, என்ன படிக்கிறாய் என்றார். கணக்கு, மாமி என்றேன். எப்படிப்பட்ட கணக்கு என்றார். மறைக்க முடியாது. சொன்னேன். பத்துப் படகு போனதாம், ஒன்று வரவில்லையாம், மொத்தம் எத்தனை என்று எழுத வேண்டுமாம். நீ எத்தனை என்று எழுதினாய் என்று கேட்டார். ஒன்பது என்றேன்.

நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். கடலில் நிற்பதை எண்ணுகிற படிப்பு என்ன படிப்பு என்று கேட்பார், புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்வார் என்று நினைத்தேன். மாமி கத்தியை எடுத்தார். மீனின் வயிற்றைக் கீறினார், குடலை எடுத்தார், மீனைச் சட்டிக்குள் போட்டார். அடுத்த மீனை எடுத்தார். எல்லாம் முடிந்ததும் மணிக்கட்டில் ஒட்டியிருந்த செதிலைக் கழுவிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். நெடுநேரம் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தார். ஈரத் தலையோடு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"பத்துப் போனதெல்லோ?"

"ஓம், மாமி."

"அப்ப ஒன்பதெண்டு எழுதினா, அவன் கடலுக்குப் போகவே இல்லையெண்டெல்லோ வரும்."

மாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பத்தெண்டே எழுது, பிள்ளை. அவனை விட்டுட்டு எண்ணாதை."

சொல்லிவிட்டுச் சாமிப் படத்தடிக்குப் போய் விளக்குக் கொளுத்தினார். நான் புத்தகத்தின் மேல் முகத்தை வைத்து அழுதேன். என் கணவர் போன நாளில் நான் அப்படி அழவில்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அப்போது பயம். மாமியும் இத்தனை வருடமும் அதற்குத்தான் பயந்திருக்கிறார் என்பது எனக்கு அன்று விளங்கியது. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒருவரையே எண்ணாமல் விட்டிருந்தோம்.

சனிக்கிழமை

சல்லியிலிருந்து சந்திக்கு நடந்து, பஸ் பிடித்து, மேட்டில் ஏறி வகுப்புக்குப் போனபோது குகன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். இந்த முறை மிஸ் எங்களை எதிரெதிர் மூலைகளில் இருத்தினார். சந்தேகத்தினால் அல்ல, இனி எவரும் வாய் திறக்கக்கூடாது என்பதற்காக என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

தாளைக் கொடுத்தார். மூன்று பந்துக் கணக்கு. நான் தாளைத் திருப்பி அவரிடமே நீட்டினேன்.

"மிஸ், படகுக் கணக்கையே தாங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம், அக்கா என்றார். நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் பந்துக் கணக்கு ஒன்றை வெட்டிவிட்டு, பேனையால் அதன் கீழே எழுதித் தந்தார். பத்துப் படகு போகிறது, ஆறு மீனோடு வருகிறது, நாலு வெறுமையாக வருகிறது. எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட்டது. எனக்காக அந்தப் பிள்ளை அத்தனை பேரையும் கரை சேர்த்திருந்தது.

அந்த வரியை நான் சிறிது நேரம் வாசித்துக்கொண்டே இருந்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்டு வரேல்லை எண்டு போடுங்கோ, மிஸ்," என்றேன்.

மிஸ் நாலை வெட்டி மூன்றாக்கினார். ஒரு படகு திரும்பவில்லை என்று எழுதினார். எழுத்துக் கோணலாக இருந்தது. எழுதி முடித்ததும் யன்னலடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் மொத்தம் என்று எழுதினேன். விடியலில் அம்மா அடித்த கை அது. பேனை தடுக்கியது. பத்து என்று எழுதினேன். எழுதியதும் கோடு கீறி அதன் மேலே ஆறு என்று போட்டேன், சுருக்கினேன், விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். அவ்வளவுதான் கணக்கு. மூலையில் குகனும் முடித்துவிட்டு, தாளைக் குப்புற வைத்திருந்தான்.

இறுதிப் பரீட்சைக்கு இருக்க விட்டார்கள். கணிதத்தில் சாதாரணச் சித்தி. அந்த எழுதுவினைஞர் இடத்துக்காக நான் பட்ட பாட்டை வேறொரு வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். அது வேறு அழுகை. எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரிவது பரீட்சை முடிவு அல்ல, அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பியதுதான்.

மத்தியானம் திரும்பி வந்தேன். படகுகள் வந்துவிட்டிருந்தன. மணலில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகு எப்போதும் மூக்கு வைக்கிற இடத்தை ஊர் இன்னும் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறது. யாரும் சொல்லி வைத்ததல்ல. அந்த இடத்தைத் தாண்டி வந்து வளவுப் படலையைத் திறந்தேன்.

மாமி முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை. பஸ் கிடைத்ததா, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை.

"சேத்தனியோ?" என்றார்.

"சேத்தனான், மாமி."